வீட்டு வாசலில் அரளி வைக்கலாமா?

கேள்வி: ‘‘எங்கள் ஊரில் அரளித் தோட்டங்கள் அதிகம். கோடையில் எந்தச் செடியும் வாடும்போது அரளி மட்டும் பூத்துக் குலுங்குகிறது. வீட்டு முன்பும் நான்கைந்து செடி வைக்க ஆசை. ‘ஆடும் குழந்தையும் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது’ என்கிறார் மாமனார். என்ன செய்வது?’’

- வாசகி, பனமரத்துப்பட்டி.

பதில்: மாமனாரின் பயம் நியாயமானது. அரளியின் இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே நஞ்சு. அது இதயத் துடிப்பைப் பாதிக்கும். கேரளத்தில் 2024-ம் ஆண்டு மே மாதம், திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியதற்கும் இந்த நச்சுத்தன்மைதான் காரணம். ஆனாலும், இடம் பார்த்து வைத்தால் அரளி வளர்க்கலாம்.

தவழும் குழந்தை இருந்தால், வாசலை ஒட்டி வேண்டாம். கொல்லை வேலியோரம், தொட்டிலும் தொழுவமும் இல்லாத பக்கம் வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மேல் இலை உதிரக் கூடாது. மஞ்சள் அரளியை அறவே தவிர்த்துவிடுங்கள். அதன் காயைக் குழந்தைகள் விளையாட எடுப்பார்கள். உள்ளே இருக்கும் விதை கடும் நஞ்சு.

நடவு எளிது. பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, ஆடி, ஆவணி மழையில் நடலாம். ஒன்றரை அடி ஆழக் குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். செடிக்குச் செடி 6 அடி இடைவெளி விடுங்கள். நாள் முழுக்க வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்த பிறகு, மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும்.

புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வரும். அதனால் தை மாதம் கவாத்து செய்தால், சித்திரையில் செடி நிறையப் பூ இருக்கும். துளிரில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயுடன் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

உண்மையான ஆபத்து கவாத்துக்குப் பிறகுதான். பச்சை இலை கசப்பதால், ஆடு மாடுகள் பெரும்பாலும் தொடாது. காய்ந்தால் கசப்பு குறையும், நஞ்சு குறையாது. சருகு தீவனத்தோடு கலந்துவிட்டால், மாடு தெரியாமல் தின்றுவிடும். எனவே, வெட்டிய கிளைகளை அன்றைக்கே குழியில் போட்டு மூடுங்கள். அடுப்பில் எரிக்கக் கூடாது, புகையும் கெடுதல். அந்தக் குச்சியில் பல் துலக்கவும் கூடாது. பால் கண்ணில் படாமல் வேலை செய்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

குழந்தை வாயில் வைத்துவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். கால்நடை தின்றுவிட்டால், 1962-ஐ அழையுங்கள். என்ன செடி என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

வாசலில்தான் பூ வேண்டும் என்றால், அங்கே செம்பருத்தியோ, இட்லிப்பூவோ வைத்துவிட்டு, அரளியைக் கொல்லைக்கு அனுப்புங்கள். மாமனாரும் சம்மதிப்பார்.