உண்டியல் முதல் க்யூஆர் வரை: யார் வீட்டுப் பணம்?

ராயகிரியில் டீக்கடைக்குப் போய் ஃபோன்பேயில் பத்து ரூபாய் அனுப்பினால், அனுப்பியவர் எந்தத் தெருவென்று அந்த ஒலிப்பெட்டி கேட்பதில்லை. இதைக் காட்டித்தான் 'டிஜிட்டல் பணத்துக்குச் சாதி கிடையாது' என்கிறார்கள். இரட்டைக் குவளைக்காகப் போராடிய மண்ணில் இதைச் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் ஓடுகிற குழாய் யாருடையது?

ஃபோன்பேயின் பெரும்பங்கு வால்மார்ட்டிடம் இருக்கிறது. வால்மார்ட்டில் ஏறத்தாழ பாதிப் பங்கு வால்டன் என்கிற ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. பணம் அனுப்பும் தொழில் குடும்பச் சொத்தாக இருப்பது நமக்குப் புதிதும் அல்ல. காகிதமும் மையுமாக உண்டியல் ஓடிய காலத்திலேயே இரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கடல் கடந்து பணம் மாற்றியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அந்தக் காகிதத்தின் மதிப்பு அதில் இருக்கும் குடும்ப விலாசத்தில் இருந்தது. பெண் கொடுத்து எடுத்த வீடுகளின் பணம் முதலாகப் புரண்டது. வட்டி விகிதத்தை இரங்கூன் கோயிலில் கூடி அவர்களே முடிவு செய்தார்கள். 1930இல் பர்மாவில் மட்டும் அவர்களது முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அடுத்த எட்டாண்டுகளில் கீழ் பர்மாவின் நெல் வயலில் கால்வாசி அவர்கள் கைக்குப் போனது. இதை 'நம்பிக்கையின் பாரம்பரியம்' என்று விழா மலர்களில் எழுதுகிறார்கள். நம்பிக்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது சாதிக்குள் மட்டும் செல்லுபடியான நம்பிக்கை.

'அப்படியானால் நாடார்கள்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1899இல் சிவகாசியில் தாக்கப்பட்ட சமூகம், மகமைப் பணம் சேர்த்து, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே கட்டிய வங்கி என்பதால் அதை உண்டியலோடு சேர்த்துப் பேச முடியாது. ஆனால் மகமைக்கு வியாபாரம் வேண்டும், வியாபாரத்துக்குக் கடை வேண்டும். கடைத்தெருவில் கடை வைத்தால் யார் வந்து டீ குடிப்பார்கள் என்ற கேள்வி சேரித் தெருவுக்கு இன்றும் தீரவில்லை. 'அவர்கள் முன்னேறினார்களே, நீங்கள் ஏன் முன்னேறவில்லை?' என்போர் இந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

இன்றைய ஆட்டம் இங்கேதான் தொடங்குகிறது. 2020 முதல் யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகரிடம் கட்டணம் கிடையாது. பிறகு செயலிகள் எதில் சம்பாதிக்கும்? கடனில். உங்கள் க்யூஆரில் தினம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துக் கடைக்காரருக்குக் கடன் தருகிறார்கள். கடை உள்ளவருக்கு வரவு இருக்கும், வரவு உள்ளவருக்குக் கடன் கிடைக்கும். களையெடுத்துக் கூலி வாங்குகிறவர் அந்தக் க்யூஆரில் பணம் போடுகிறவர் மட்டுமே. அடுத்தவரின் கடன் தகுதியை அவர் தன் பத்து ரூபாயால் வளர்த்துக் கொடுக்கிறார்.

அரசின் மின்னணுப் பட்டுவாடா மட்டும் சாதி பார்க்காததா? 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என மூன்றாகப் பிரித்துப் போடச் சொன்னது. ஒரே கண்மாயில் மண் அள்ளியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி விழுந்தது. 'அவர்களுக்கு மட்டும் வந்துவிட்டதே' என்ற பகைதான் மிச்சம். எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டில் அதைக் கைவிட்டார்கள். கூலியைப் பிரிப்பதற்குச் சாதிக் கணக்கு இருந்தது. கடனைக் கேட்டால் மட்டும் 'எங்கள் கணினிக்குச் சாதி தெரியாது' என்கிறார்கள்.

வங்கிகளுக்காவது கடனில் 12 விழுக்காடு நலிந்த பிரிவினருக்குப் போக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி இலக்கு இருக்கிறது. அதிலும் பட்டியல் சாதியினரை இன்னும் பலரோடு சேர்த்தே எண்ணுகிறார்கள். செயலிகள் வழியாகக் கடன் தரும் நிதி நிறுவனங்களுக்கு அந்த இலக்கும் இல்லை. வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், தென்காசி மக்களவை, மூன்றுமே தனித்தொகுதிகள். அங்கே வென்று போனவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: க்யூஆர் வழி வணிகக் கடனில் பட்டியல் சாதியினருக்கு எத்தனை ரூபாய் போனது? மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.