பச்சையைக் களைந்த மைதானம்

ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லைக் கேட்டதும் நேயர்களுக்குச் சாரம் கட்டிய கோபுரமும் நன்கொடை ரசீதுப் புத்தகமும் ஞாபகத்துக்கு வருவது இயற்கை. இந்த வாரம் நாம் சொல்லப் புகுந்ததும் ஒரு ஜீர்ணோத்தாரணத்தின் கதையே. ஆனால் திருப்பணி நடந்த இடம் கோயில் அன்று; அமெரிக்காவில், வட கரோலினா ராஜ்யத்தில், பைன்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரிலுள்ள இரண்டாம் நம்பர் கோல்ப் மைதானம். "சீமான்கள் பந்தடிக்கும் புல்தரையைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பந்தைக் காட்டிலும் பெரிய விஷயம் இதில் இருக்கிறது.

1895-ஆம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் வாக்கர் டப்ட்ஸ் என்பவர், சோடா பானம் வழங்கும் இயந்திரங்களைச் செய்து விற்றுப் பொருளீட்டியவர், இந்தப் பிரதேசத்தில் சுமார் 5,800 ஏக்கர் நிலம் வாங்கினார். அது வெறும் மணற்காடு. அங்கே ஓங்கி நின்ற நீளிலைப் பைன் மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டு மரவியாபாரிகள் போய்விட்டிருந்தார்கள். வடக்கே பனியில் வாடும் ஜனங்கள் குளிர்காலத்தில் வந்து தங்கித் தேகசுகம் பெறுவதற்கென்று டப்ட்ஸ் அங்கே ஓர் ஊரையே உண்டாக்கினார்.

1900-ஆம் வருஷத்தில் டொனால்ட் ராஸ் என்னும் வாலிபர் அங்கே உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் ஸ்காட்லாந்தின் வடகோடியில், டார்னக் என்னும் கடலோரத்து ஊரில் பிறந்தவர். கோல்ப் உலகத்தின் பிதாமகராகிய முதிய டாம் மாரிஸிடம் தொழில் கற்றவர். மணலும் முரட்டுப் புல்லும் கலந்த மேட்டுநிலத்தைக் கண்டதும் சொந்த ஊரின் கடற்கரை அவர் மனக்கண்முன் தோன்றியிருக்கும். இரண்டாம் நம்பர் மைதானத்தின் பதினெட்டுக் குழிகளும் 1907-ல் ஆட்டத்துக்குத் திறக்கப்பட்டன. அத்துடன் அவர் திருப்தியடைந்துவிடவில்லை. மூன்றாவது குழியின் அருகிலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948-ல் காலமாகும் வரையில் அந்த மைதானத்தைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் அமைத்த மைதானத்தின் லட்சணம் யாது? பந்தை ஓட்டிச் செல்லும் புல்வெளி அகலமானது. அதன் இரு புறமும் மணல். மணலில் ஆங்காங்கே கம்பிபோல் விறைத்து நிற்கும் ஒருவகைப் புதர்ப்புல். குழி அமைந்த 'கிரீன்' என்னும் புல்மேடை ஒவ்வொன்றும் கவிழ்த்து வைத்த தட்டைப் போல் விளிம்பில் சரிந்திருக்கும். சரியான இடத்தில் விழாத பந்து, வேண்டாத விருந்தாளியைப் போல், மெல்ல வெளியே அனுப்பப்பட்டுவிடும். 1930-களின் நடுப்பகுதி வரையில் அந்த மேடைகளும்கூட மணலாலேயே அமைந்திருந்தன.

பிற்காலத்தில் ஒரு மோகம் பிறந்தது. வர்ணத் தொலைக்காட்சி வந்தபின், கோல்ப் மைதானம் என்றால் மூலை முடுக்கெல்லாம் மரகதம் போல் பளபளக்க வேண்டும் என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியது. 1970-ஆம் வருஷ முடிவில் பைன்ஹர்ஸ்ட் டப்ட்ஸ் குடும்பத்தாரின் கையைவிட்டு நீங்கியது. மணலின் மீது புல் பரப்பினார்கள்; புதர்களைக் களைந்தார்கள்; புல்வெளியைக் குறுக்கி, ஓரங்களில் பந்து புதையும்படி அடர்ந்த புல்லை வளர்த்தார்கள். வரிசை வரிசையாகக் குழாய்களைப் பதித்து நீரைப் பொழிந்தார்கள். ஒரே நாளில் யாரும் பாழாக்கவில்லை. அழகுபடுத்துகிறோம் என்று நம்பியே ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக மாற்றினார்கள். நமது புராதனச் சிற்பங்களின் மேல் சுண்ணாம்பு பூசியவர்களும் நல்லெண்ணத்தோடுதானே பூசினார்கள்?

2010-ஆம் வருஷத்தில் திருப்பணி தொடங்கிற்று. பில் கூர், பென் கிரென்ஷா என்னும் இருவர் அதை ஏற்றார்கள். இவர்களில் கிரென்ஷா அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் பந்தயத்தை 1984, 1995 ஆகிய இரு வருஷங்களில் வென்றவர். ஊகத்தை நம்பி அவர்கள் மண்ணைத் தொடவில்லை. 1943-ல் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் அவர்களுக்கு அகப்பட்டன. பூமிக்குள் கிடந்த பழைய தண்ணீர்க் குழாயின் தடம் புல்வெளியின் நடுக்கோடு எது என்பதைக் காட்டிற்று. அதன்படி சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்தார்கள். அடியிலிருந்த மணல் வெளிப்பட்டது. கம்பிப்புல்லைப் பல்லாயிரக் கணக்கில் நட்டார்கள். ராஸின் புல்மேடைகளில் பெரும்பாலும் கை வைக்கவில்லை. நீர் தெளிக்கும் குழாய்முனைகள் சுமார் 1,150 இருந்தன. அவற்றை 450 அளவுக்குக் குறைத்தார்கள்.

இதனால் ஆட்டம் எவ்விதம் மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு பந்து ஓரம் போனால் அடர்ந்த புல்லில் சிக்கும். ஆடுகிறவர் கெட்டியான மட்டையை எடுத்து, அதை எப்படியாவது வெளியே தள்ளுவார். அதில் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. இப்பொழுதோ மணலில் விழுந்த பந்து வாகான இடத்தில் நிற்கலாம். இரண்டடி தள்ளிப் புதரின் காலடியிலும் ஒளிந்திருக்கலாம். துணிந்து அடிப்பதா, பணிந்து விலகுவதா என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். புல்வெளி அகலமாகிவிட்டதால் ஆட்டம் சுலபமாகிவிட்டது என்று புதிதாக வருகிறவர் நினைப்பார். அடுத்த அடிக்குத் தக்க கோணம் அதன் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கிடைக்கும் என்பதைப் புல்மேடையிலிருந்து பந்து உருண்டு இறங்கியபின் அறிந்துகொள்வார். இறங்கிய பந்தை மீண்டும் மேலேற்றவும் பல வழிகள் உண்டு. உயரத் தூக்கி விடலாம், தத்தி ஓடவிடலாம், உருட்டியும் விடலாம். பலசாலிக்கும் புத்திசாலிக்கும், வயோதிகருக்கும் வாலிபருக்கும் அந்த மணல்மேடு சமமாக இடங்கொடுக்கிறது.

இதற்கு 2014-ல் பரீட்சை நடந்தது. அமெரிக்க ஓபன் பந்தயத்தில் ஆடவர்க்கு ஒரு வாரமும் பெண்டிர்க்கு அடுத்த வாரமுமாக ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து நடத்தியது அதுவே முதல் தடவை. ஜெர்மானியராகிய மார்ட்டின் கைமர், புல்மேடைக்கு வெளியேயிருந்தும் உருட்டு மட்டையையே பல தடவை உபயோகித்து, எட்டு அடிகள் வித்தியாசத்தில் வாகை சூடினார். பெண்டிரில் மிஷல் வீ வென்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் அநேகர் முகம் சுளித்தார்கள். "புல் காய்ந்து கிடக்கிறதே, பராமரிக்க ஆள் இல்லையா?" என்று அவர்களுக்குத் தோன்றிற்று. காய்ந்த புல்லும் மணலுமே அந்த நிலத்தின் சுபாவம் என்பதை ஏற்க அவர்களுடைய கண் பழகவில்லை. 2024-ல் ஆடவர் பந்தயம் மறுபடியும் அங்கே நடந்தது. அமெரிக்கரான பிரைசன் டிஷாம்போ வென்றார்.

கண்ணுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, ஜலக்கணக்கை மறுக்க முடியாது. திருப்பணிக்கு முன் வருஷத்துக்குச் சுமார் ஐந்தரைக் கோடி காலன் செலவழிந்த இடத்தில், பின்னர் சுமார் ஒன்றரைக் கோடி காலன் போதுமானதாயிற்று. இவ்வளவு நீரை மீதப்படுத்த நவீன யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மண்ணுக்கு உரியதல்லாத பச்சையை விரும்பாமல் இருந்ததே போதுமாயிருந்தது. குடிநீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்கும் ஜனங்கள் உள்ள எந்த தேசமும் இதைச் சிந்திக்க வேண்டும். கோல்ப் மைதானத்துக்கு மட்டுமின்றி, நகரப் பூங்காக்களுக்கும் பங்களாத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பழைய படங்களைப் பார்த்து மணலையும் புல்லையும் மீட்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் இருந்தவை எல்லாம் மீட்கத்தக்கவை அல்ல. மட்டைப் பையைச் சுமந்து நடந்தவர்களில் பெரும்பாலோர் நீக்ரோவர் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு ஜனங்கள். புல்மேடைகளின் சரிவை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. எனினும் அங்கே விருந்தினராகத் தங்கி ஆடும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1936-ல் அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் சங்கத்தின் பந்தயம் இதே மைதானத்தில் நடந்தது. வெள்ளையர் அல்லாதவர் உறுப்பினராகக் கூடாது என்ற விதி அப்பொழுது அச்சங்கத்தில் அமுலில் இருந்தது. 1961-ல்தான் அதை நீக்கினார்கள். இன்று நிறத்தின் பேரால் தடை இல்லை. ஆயினும் பல நூறு டாலர் கட்டணம் என்னும் வேலி இருந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆதலால் பழமையைப் போற்றுகிறவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். எது மூலம், எது பின்னால் பூசியது என்பதை ஆதாரத்தோடு கண்டறிய வேண்டும். அப்படிக் கண்ட மூலத்திலும் எதை வைத்துக்கொள்வது, எதைப் புதைத்தபடியே விடுவது என்று மனச்சாட்சியைக் கேட்க வேண்டும். பைன்ஹர்ஸ்டில் முதற்காரியத்தை வெகு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். இரண்டாவது, கோயிலானாலும் கல்விச்சாலையானாலும் பந்தடிக்கும் வெளியானாலும், திருப்பணி தொடங்குகிற ஒவ்வொரு தேசத்தாரும் தாங்களே செய்துகொள்ள வேண்டியது.