பேஸ்64: அது பார்சல்தான், பூட்டு இல்லை!

பாளையங்கோட்டையில் இருந்து சென்னை கம்பெனி ஒன்றுக்கு ரெஸ்யூமையும் ஆதார் நகலையும் மெயிலில் அனுப்புகிறீர்கள். அந்த மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன் மூல வடிவத்தை ஒருமுறை பாருங்கள். பிடிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து பக்கம் பக்கமாக ஓடும். பார்த்தால் ஏதோ ரகசிய மொழி போலத் தெரியும். ஆனால், யார் வேண்டுமானாலும் ஒரே நொடியில் பிரித்துப் படிக்கலாம். இதற்குப் பெயர் பேஸ்64.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. 'எங்க சர்வர்ல எல்லாத்தையும் என்கோட் பண்ணித்தான் வச்சிருக்கோம்' என்ற பதில் இனி போதுமா?

எப்படி வேலை செய்கிறது?

படமோ பிடிஎஃபோ, கணினிக்கு எல்லாமே 0, 1 வரிசைதான். அந்த வரிசையில் 3 பைட்டை, அதாவது 24 பிட்டை எடுத்து, ஆறு ஆறாக 4 துண்டு போடுகிறார்கள். ஆறு பிட்டில் 64 மதிப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு. கடைசியில் பைட் குறைந்தால் சமக்குறி போட்டு நிரப்புவார்கள். அவ்வளவுதான்!

'நெல்லை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இது 6 குறியீடுகள்: ந, எகரக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 18 பைட், பேஸ்64-ல் 24 குறிகள். முதலில் வரும் 'ந' மட்டும் '4, பெரிய கே, 6, சிறிய ஓ' என்று மாறும். இந்த முறையில் எந்தத் தமிழ்ச் சொல்லை மாற்றினாலும் தொடக்கம் '4கே' தான். கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. இதில் சாவி என்று எதுவுமே இல்லை.

பிறகு எதற்கு இது?

1982-ல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி மெயில் விதி, ஆங்கில எழுத்துகளுக்கான 7 பிட் குறியீட்டை மட்டுமே நம்பியது. அதில் படமும் போகாது, தமிழும் போகாது. 1992-ல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் உருவாக்கிய 'மைம்' முறை, பேஸ்64 மூலம் அட்டாச்மென்ட்டுக்கு வழிசெய்தது. இன்று சிற்றாறு பாயும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ போன்ற மெயில் சேவை நிறுவனமே இயங்குகிறது. ஆனால், உலகம் முழுக்க அட்டாச்மென்ட் பெரும்பாலும் போவது அந்தப் பழைய முறையில்தான்.

நெய் வடியும் அல்வாவை அப்படியே பையில் போட்டு ரயில் ஏற முடியுமா? பார்சல் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டினால் எடை கூடும். இங்கேயும் 3 எம்பி படம் வழியில் சுமார் 4 எம்பி ஆகிவிடும். ஆனால், பார்சலை யார் கையும் பிரிக்கும்.

பார்சல், பூட்டு, முத்திரை

ஆதாரின் ஆஃப்லைன் கேஒய்சி கோப்பு இதற்கு நல்ல உதாரணம். அதில் உங்கள் புகைப்படம் பேஸ்64 எழுத்தாக இருக்கும், இது பார்சல். முழுக் கோப்பும் ஜிப் செய்யப்பட்டு, நீங்கள் தரும் 4 இலக்க ஷேர் கோடால் பூட்டப்படும். ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து முத்திரை போல: உள்ளே யாராவது திருத்தினால் காட்டிக்கொடுக்கும். ஷேர் கோடை வாட்ஸ்அப்பில் கோப்போடு சேர்த்தே அனுப்பினால்? பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்ட கதைதான்.

எங்கே சறுக்குகிறார்கள்?

குபெர்னெட்டிஸில் 'சீக்ரெட்' என்ற பெயரில் வைக்கும் கடவுச்சொல், தனியாக என்கிரிப்ஷனை இயக்காவிட்டால், வெறும் பேஸ்64 தான். லாகின் டோக்கனாகப் பயன்படும் ஜேடபிள்யூடி-யின் உள்ளடக்கமும் வழக்கமாக அப்படியே. கையெழுத்து இருப்பதால் திருத்த முடியாது, ஆனால் யாரும் படிக்கலாம். அதில் ஆதார் எண்ணையோ சம்பளத்தையோ போடுவது ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ம் ஆண்டுச் சட்டப்படி, தரவுக்கு நியாயமான பாதுகாப்பு தராத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். முக்கியக் கடமைகளுக்குத் தயாராக விதிகள் 18 மாத அவகாசம் தருகின்றன. என்கிரிப்ஷன், மாஸ்கிங் போன்ற வழிகளையும் அவை குறிப்பிடுகின்றன. சாவியே இல்லாத பேஸ்64-ஐக் காட்டி 'பாதுகாத்தோம்' என்று வாதிடுவது கடினம்.

நீங்கள் கோட் எழுதுபவர் என்றால், கடவுச்சொல்லை என்கோட் செய்து கோடுக்குள் வைக்காதீர்கள். எழுதாதவர் என்றால், ஆவணம் கேட்கும் கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: 'என்கோட் பண்ணியிருக்கீங்களா, என்கிரிப்ட் பண்ணியிருக்கீங்களா? சாவி யார்கிட்ட இருக்கு?'