நைட் அவுட் போட்டும் ‘ஓ’ கிரேடு ஏன் வரவில்லை?

ஸ்டடி லீவ் தொடங்கிவிட்டால் போதும், பொறியியல் கல்லூரி வாசல்களில் ஒரே காட்சிதான். ஜெராக்ஸ் கடையில் கூட்டம் முண்டும். ‘டாப்பர் நோட்ஸ்’ கைமாறும். வாட்ஸ்அப் குழுவில் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ பிடிஎஃப் வந்து விழும். ஹாஸ்டலில் விடிய விடிய விளக்கு எரியும். “டேய், எத்தனை யூனிட் முடிச்ச?” என்பதுதான் அந்த நாட்களின் நலம் விசாரிப்பு.

ரிசல்ட் வரும்போது கதை மாறுகிறது. ஒரே அறை, ஒரே நோட்ஸ், ஒரே நைட் அவுட். ஆனால் ஒருவருக்கு ‘ஓ’ கிரேடு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ‘பி’. “அவனுக்கு மண்டை இருக்குடா” என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரிதான் சிக்கலே. ‘மண்டை’தான் காரணம் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால், தொடர்ந்து நல்ல கிரேடு வாங்கும் மாணவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் தெரிவது வேறு விஷயம். தனக்கு எது தெரியாது என்பதை, கேள்வித்தாள் சொல்வதற்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது பிறவி மூளை இல்லை, பழக்கம். யாரும் பழகிக்கொள்ளலாம்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. ஆய்வகப் பாடங்களில் இது அப்படியே தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. அதாவது, ஸ்டடி லீவில் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் மதிப்பெண்ணில் பெரும் பங்கு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ‘இன்டர்னல்தானே, பாத்துக்கலாம்’ என்று விட்டவர் அங்கேயே பாதி ஆட்டத்தை இழந்துவிடுகிறார்.

அடுத்தது கிரெடிட். ‘ஓ’ என்றால் 10 புள்ளி, ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் ஜிபிஏ. ஒரு செமஸ்டரில் 22 கிரெடிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடம் ஒன்றில் ‘ஏ’வுக்குப் பதில் ‘ஓ’ வாங்கினால் ஜிபிஏ சுமார் 0.36 உயரும். 2 கிரெடிட் ஆய்வகத்தில் அதே முன்னேற்றம் 0.18 மட்டுமே தரும். எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவது நியாயமாகத் தெரியலாம். கணக்குப்படி அது நஷ்டம்.

இந்தப் புள்ளிகள் வெறும் பெருமைக்கானவை அல்ல. வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ என்று கோடு போடுகின்றன. சில நிறுவனங்கள் 7 கேட்கின்றன. நிலுவையில் அரியர் இருந்தால் அறைக்குள்ளேயே விடுவதில்லை. கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டில், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது சில வருஷ வாழ்க்கையை மாற்றிவிடும்.

படித்த மாதிரி ஒரு மயக்கம்

அப்படியானால் நிறைய நேரம் படித்தால் போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு சிறு பாடப்பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு தரப்பு அதை இரண்டு முறை படித்தது. இன்னொரு தரப்பு ஒரு முறை படித்துவிட்டு, பகுதியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததைத் தாளில் எழுதியது.

5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எதிரணி 75. ஆனால் ஒரு வாரம் கழித்து முடிவு புரண்டது. திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

நைட் அவுட் ஏன் கைவிடுகிறது என்பதற்கான விளக்கம் இதிலேயே இருக்கிறது. நோட்ஸை மூன்றாவது முறை புரட்டும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். “இது தெரியும், இதுவும் தெரியும்” என்று பக்கங்கள் ஓடும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எழுத வருவது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

படிப்பு உத்திகள் பத்தை ஒப்பிட்டு டன்லோஸ்கி குழு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையே சொன்னது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டுக்கும் அதிகப் பயன் என்ற தரம் கிடைத்தது. மாணவர்கள் அதிகம் நம்பும் ஹைலைட்டர் கோடும், திரும்பத் திரும்பப் படிப்பதும் கீழ் வரிசைக்குப் போயின.

நடைமுறையில் இது ரொம்ப எளிது. ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும் நோட்டை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுத வேண்டும். வரைபடமோ சூத்திரமோ எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அதுதான் அன்றைக்குப் படிக்க வேண்டிய இடம். பழைய கேள்வித்தாளை இதற்கே பயன்படுத்தலாம். மேலே சொன்ன விதிமுறையில் செமஸ்டர் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம். 13 மதிப்பெண் கேள்விக்கு சுமார் 23 நிமிடம், 2 மதிப்பெண் கேள்விக்கு மூன்றரை நிமிடம்தான் கிடைக்கும். “தெரிஞ்ச கேள்விதான், டைம் பத்தல” என்ற புலம்பல், ஒரு முறைகூட கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்காததன் விளைவு.

மறந்தால்தான் நல்லது

இடைவெளி விட்டுப் படிப்பது என்றால் என்ன? ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885இல் நினைவாற்றல் பற்றி எழுதிய நூலிலிருந்தே தொடங்கும் விஷயம் இது. கற்றது வேகமாக மறக்கும். ஆனால் நாள் விட்டு மீண்டும் கற்றால் மறதி மெதுவாகும். ஒரே ஞாயிற்றுக்கிழமை 4 மணி நேரம் உட்கார்வதைவிட, நாளுக்கு 1 மணி நேரமாக நான்கு நாள் பிரித்துப் படிப்பது அதிகம் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், அப்படிப் படிக்கும்போது கஷ்டமாக இருக்கும். நாலு நாள் முன்பு படித்தது பாதி மறந்திருக்கும். “நமக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்ற சோர்வு வரும். உண்மையில் அந்தத் தடுமாற்றம்தான் வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம். சிரமப்பட்டு நினைவுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அது கூடுதலாக உறுதிப்படுகிறது.

தூக்கத்துக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவின் எம்ஐடியில் வேதியியல் வகுப்பு ஒன்றின் மாணவர்களுக்குக் கைப்பட்டைக் கருவி கட்டி, அவர்களின் தூக்கத்தை செமஸ்டர் முழுக்க அளந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. தேர்வுக்கு முந்தைய ஒரு இரவு நன்றாகத் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய ஒரு வாரமும் ஒரு மாதமும் ஒழுங்காகத் தூங்கியதற்குத் தொடர்பு இருந்தது. கடைசி நாளில் சரிசெய்துகொள்ளலாம் என்பது தூக்கத்திலும் நடக்காது, படிப்பிலும் நடக்காது.

கேட்டால் சிரிப்பார்களோ?

இதுவரை சொன்னவை தனியாகச் செய்யக்கூடியவை. தனியாகச் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது: சந்தேகம் கேட்பது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. தமிழ் வழியில் படித்தவர்கள், வீட்டின் முதல் பட்டதாரிகள் என்று புதிய முகங்கள் வகுப்பறைக்குள் வந்தன. இவர்களில் பலர் உழைப்பில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பது பெரிய மலை. “தப்பா பேசிட்டா சிரிப்பாங்க” என்ற பயத்தில் சந்தேகம் நோட்டிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த வாரப் பாடம் அதன் மேல் ஏறி உட்காருகிறது. கணிதத்திலும் புரோகிராமிங்கிலும் இப்படி நாலு சந்தேகம் சேர்ந்தால் அரியர் நிச்சயம்.

இந்த நிலைமைக்கு நெருக்கமான ஒரு பழைய உதாரணம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் நடந்தது. கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வம் இல்லை, அடித்தளம் சரியில்லை, குடும்ப ஆதரவு இல்லை, வறுமை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எதுவும் நிற்கவில்லை.

கறுப்பின மாணவர்கள் ஒழுங்காக உழைத்தார்கள். ஆனால் பெரும்பாலும் தனியாக. சீன அமெரிக்க மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, பழைய தேர்வுத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தேர்வுக்கு முன்பே தெரிந்திருந்தது. ட்ரைஸ்மன் பிறகு தொடங்கிய கூட்டுப் பயிற்சி வகுப்புகளில், ‘பின்தங்கியவர்களுக்கான ட்யூஷன்’ என்ற முத்திரை இல்லை; கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போராட வைத்தார்கள். சேர்ந்தவர்களின் கால்குலஸ் மதிப்பெண் உயர்ந்தது.

நம்மூர் ‘குரூப் ஸ்டடி’ பெரும்பாலும் டீக்கடையில் முடிகிறது என்பது உண்மைதான். காரணம், படிக்காமல் வந்து கூடுவது. தனியாக முயன்று பார்த்துவிட்டு, சிக்கிய இடத்தோடு வந்தால் மூன்று பேர் போதும். ஒருவர் தமிழிலேயே விளக்கட்டும், மற்ற இருவரும் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். விளக்க முடியாத இடம் விளக்குபவருக்கே முதலில் தெரிந்துவிடும். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம்.

‘உன்னால் முடியும்’ போதுமா?

போதாது என்பதுதான் நேர்மையான பதில். திறமை வளரக்கூடியது என்று மாணவர்களுக்குப் புரிய வைக்கும் ஒரு சிறு இணையப் பயிற்சியை, அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. படிப்பில் பின்தங்கியிருந்தவர்களின் சராசரி சுமார் 0.1 கிரேடு புள்ளி உயர்ந்தது. சின்ன உயர்வுதான், அதுவும், கடினமானதை முயன்று பார்ப்பதைச் சக மாணவர்கள் மதிக்கும் பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது. நம்பிக்கை கதவைத் திறக்கும். உள்ளே போய் உட்கார வெள்ளைத்தாளும், கேலி செய்யாத நண்பர்களும், பதில் சொல்லும் ஆசிரியரும் வேண்டும்.

எனவே பொறுப்பு முழுவதையும் மாணவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. இன்டர்னல் தேர்வுத் தாளைத் திருத்தி மூன்று வாரம் கழித்து, மதிப்பெண் மட்டும் தெரியும்படி கொடுத்தால் அதிலிருந்து எதைக் கற்பது? தாள் சீக்கிரம் கைக்கு வர வேண்டும். எங்கே, ஏன் மதிப்பெண் போனது என்று பத்து நிமிடமாவது வகுப்பில் பேச வேண்டும். தமிழில் சந்தேகம் கேட்டால் தமிழில் பதில் வரும் என்பது எழுதப்படாத விதியாகவாவது இருக்க வேண்டும். இதற்கெல்லாம் புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

மாணவர் பக்கம் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. செமஸ்டர் முதல் வாரத்தில் பாடத்திட்டத்தையும் கிரெடிட்டையும் பார்ப்பது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு பாடத்திலும் நோட்டை மூடிவிட்டு ஒரு பக்கம் எழுதுவது. தெரியாத மூன்று விஷயங்களைக் குறித்து, அந்த வாரமே யாரிடமாவது கேட்பது. இன்டர்னல் தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து மடித்து வைக்காமல், தவறிய கேள்வியை மறுபடி எழுதுவது.

மார்க் மட்டுமே வாழ்க்கையா என்ற கேள்வி எப்போதும் வரும். இல்லைதான். ஆனால் இந்தப் பழக்கத்தின் பயன் மார்க்கோடு நிற்பதில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், புரியாத கோடை வைத்துக்கொண்டு “பாத்துக்கலாம்” என்று நாலு நாள் மறைப்பவர், கல்லூரியில் அதையே பழகியவர். “இந்த இடம் புரியல, ஒரு தடவை சொல்றீங்களா?” என்று அன்று மாலையே கேட்பவரும் கல்லூரியில் அதைப் பழகியவர்தான். இரண்டில் எதைப் பழகுவது என்பதை ஸ்டடி லீவில் முடிவு செய்ய முடியாது. செமஸ்டரின் இரண்டாவது வாரத்தில், முதல் சந்தேகம் வரும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.