சாவி யார் கையில்?

புதுக்கோட்டை ஸமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. அதற்குமுன் நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசும் தானமாகப் பெற்ற குளத்தூர்த் தாலுகாவாசிக்கு, காசு தன் கையில் இருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்திருக்க நியாயமில்லை. இன்று கைப்பேசியில் கிரிப்டோ நாணயம் வாங்கும் அவன் பேரனுக்கோ அதுவே முதற் சந்தேகமாயிருத்தல் வேண்டும்.

அந்நாணயம் கைப்பேசியில் இல்லை; ‘வாலெட்’ என்னும் பையிலும் இல்லை. இன்ன விலாசத்தில் இவ்வளவு என்று, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே பேரேடு எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து பணம் நகர வேண்டுமாயின், அவ்விலாசத்துக்குரிய இரகசியச் சாவியால் கையொப்பம் விழ வேண்டும். சாவியென்பது 78 இலக்கம் வரை நீளக்கூடிய ஓர் எண். சாவியிலிருந்து விலாசத்தைக் கணிக்கலாம்; விலாசத்திலிருந்து சாவியைக் கணிக்க இன்றுள்ள எந்த யந்திரத்தாலும் ஆகாது. இவ்வளவு நீண்ட எண்ணைப் பிழையின்றி எழுதிவைப்பது கஷ்டமாகையால், 2013-ல் ஓர் ஏற்பாடு வகுத்தார்கள். 2048 சொற்களடங்கிய ஜாபிதாவிலிருந்து 12 அல்லது 24 சொற்களை யந்திரமே பொறுக்கித் தருகிறது. அவையே விதைச் சொற்கள்; எல்லாச் சாவிகளும் அவற்றினின்றே பிறக்கின்றன. கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும் பாதகமில்லை, அச்சொற்களை அதே வரிசையில் வேறொன்றில் இட்டால் பணம் வந்து நிற்கும். சொற்கள் தொலைந்தாலோ, மனுப்போட ஒரு பாங்கி ஏஜெண்டும் இல்லை. பிறன் கண்டுவிட்டால் பணம் அவனுடையது.

நம்மவரிற் பலர் இத்தொல்லை வேண்டாமென்று சாவியைக் கம்பெனியிடமே விட்டுவிடுகிறார்கள். பலர் கையொப்பமிட்டாலன்றித் திறவாத வாஸிர்எக்ஸ் கம்பெனியின் பெட்டகத்திலிருந்து, 2024 ஜூலையில் ஏறக்குறைய 23 கோடி டாலர் களவு போயிற்று. களவு போகாத நாணயங்களை உடையவர்களும் தங்கள் கணக்கைத் தொட முடியாமற் போயிற்று. அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், சாவியைத் தன்னிடம் வைத்திருந்தவனுக்குக் கோர்ட்டு வாசற்படி ஏறவேண்டிய அவசியமே நேர்ந்திராது.

இதனை வாங்குமாறு நாம் ஒருவருக்கும் யோசனை சொல்லவில்லை. சர்க்கார் 2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி வாங்குகிறது. தொலைந்த சாவிக்கு ஒரு சல்லியும் தராது. வாங்கியே தீருவேன் என்பவர் சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பத்திரம்போற் பூட்டி வைக்கட்டும். கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டாம். கம்பெனி உத்தியோகஸ்தன் என்று சொல்லி அவற்றைக் கேட்பவன் திருடனே.

இங்கே வேறொரு குறையும் உண்டு. மேற்படி ஏற்பாட்டில் ஆங்கிலம், ஜப்பான், கொரியா, சீனம், பிரெஞ்சு, செக் முதலிய பாஷைகளுக்கு ஜாபிதா இருக்கிறது. இந்திய பாஷை ஒன்றுக்கேனும் இல்லை. ஆங்கிலமறியாத குளத்தூர்க் குடியானவன், பக்கத்திலிருப்பவனைக் கொண்டுதான் அப்பன்னிரண்டு சொற்களை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதித் தந்தவனிடம் சாவி அந்தக் கணமே போய்விடுகிறது. ஒன்றுக்கொன்று மயங்காத 2048 தமிழ்ச் சொற்களைத் தொகுப்பது நம் பண்டிதர்களுக்கும் கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கும் சில மாதத்து வேலை. வாலெட் கம்பெனிகள் அதை ஏற்கும்படி செய்வதே பெருங் காரியம். அதை யார் தொடங்கப்போகிறார்கள்?