முதலில் பக்கச்சுவரைப் பாருங்கள்

மலைச் சைக்கிளுக்கு டயர் வாங்க வருபவர் முதலில் எடையைக் கேட்கிறார். பிறகு பட்டனை விரலால் அழுத்திப் பார்க்கிறார். நாமும் அந்த இரண்டுக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகிவிட்டோம். டயர் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது கேசிங்கில், அதாவது ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்கில் இருக்கிறது. அதைப் பற்றி விற்பவர்களே பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

1999இல் மாவிக், ஹட்சின்சன், மிச்செலின் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த யுஎஸ்டி டயர்களின் உட்புறத்தில் காற்றுக் கசியாத ரப்பர் பூச்சு இருந்தது. சீலண்ட் ஊற்றாமலே காற்று நிற்கும், ஆனால் கனம். இன்றைய ‘டியூப்லெஸ் ரெடி’ டயர்கள் அந்தப் பூச்சைக் குறைத்து, காற்றைக் காக்கும் பொறுப்பைச் சீலண்டிடம் கொடுத்துவிட்டன. எடை குறைந்தது நல்லதுதான். கூடவே, சீலண்ட் இருந்தால் போதும், எந்த டயரும் தாங்கும் என்ற நம்பிக்கையும் வந்து ஒட்டிக்கொண்டது. அது தவறு. முள் குத்திய துளையைச் சீலண்ட் அடைக்கும். கல் கிழித்த வாயை அடைக்காது.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சவுத் மவுண்டன் தடங்களைப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் நெருஞ்சி உண்டு, நம் புஞ்சைகளில் காலைப் பதம்பார்க்கும் அதே செடி. சீலண்ட் உள்ள டயருக்கு நெருஞ்சி ஒரு பொருட்டே அல்ல. டயரை முடிப்பது கூர்விளிம்புள்ள நைஸ், கிரானைட் பாறைகள். அவை பட்டனைத் தொடாமல் பக்கச்சுவரைச் சீவும், அல்லது டயரை ரிம்மோடு சேர்த்து நசுக்கி வெட்டும். அங்கிருந்து வடக்கே, யூட்டா மாநிலத்து மோவாபின் ஸ்லிக்ராக் தடத்தில் கதை வேறு. உப்புத்தாள் போன்ற மணற்பாறை. பக்கச்சுவர் பிழைத்துக்கொள்ளும், பட்டன் தேயும். ஷோர் ஏ அளவில் 42 உள்ள மென்ரப்பரைப் பின்சக்கரத்தில் போட்டால் அங்கே சீக்கிரம் மழுங்கிவிடும். ஆகவே ‘உறுதியான டயர் எது?’ என்று கேட்பவரிடம், ‘எந்தத் தரையில் ஓட்டுகிறீர்கள்?’ என்றே நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

டிபிஐ எண்ணை வைத்து உறுதியை அளப்பதை விட்டுவிடுவோம். 120 என்றால் மெல்லிய நூல் நெருக்கமாக இருக்கிறது, டயர் நன்றாக வளைந்து கொடுக்கும் என்று பொருள். 60இன் நூல் தடிமனானது. ஒரே அடுக்கு என்றால் வெட்டை அதுவே கூடுதலாகத் தாங்கும். போதாக்குறைக்குச் சில நிறுவனங்கள் அடுக்குகளைக் கூட்டி எண்ணைப் போடுகின்றன, சில ஓர் அடுக்கை மட்டும் சொல்கின்றன. கேசிங்கின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். மாக்ஸிஸில் எக்ஸோ ஓரடுக்கு. டபுள்டவுனும் டிஎச்சும் ஈரடுக்கு. ஒரே பட்டன், ஒரே அளவு இருந்தாலும் எக்ஸோவுக்கும் டிஎச்சுக்கும் ஏறத்தாழ 300 கிராம் வித்தியாசம் வரும். அந்த 300 கிராமைத்தான் வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார். பிறகு மெல்லிய டயரைக் காப்பாற்றக் காற்றை 35 பிஎஸ்ஐ வரை ஏற்றுகிறார். பிடிமானம் போகிறது, கல்லில் துள்ளுகிறது, டியூப்லெஸ் போட்ட பயனே போய்விடுகிறது. சுமார் 75 கிலோ எடையுள்ளவர் 2.4 அங்குல டயரில் முன்னால் 22, பின்னால் 25 என்ற அளவில் தொடங்கலாம். அந்த அழுத்தத்தில் ரிம் கல்லில் இடித்தால் காற்றைக் கூட்டுவதற்கு முன் கேசிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

இரு சக்கரத்துக்கும் ஒரே டயர் போட வேண்டியதில்லை. எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குகிறது. பாறையில் முன்சக்கரத்தைத் தூக்கி விடுபவர்கூடப் பின்சக்கரத்தை இடிக்கவே விடுகிறார். பின்னால் தடித்த கேசிங், சற்றுக் கடின ரப்பர். முன்னால் ஓரடுக்கு, மென்ரப்பர். வாங்குபவரின் பணமும் இதில்தான் சரியான இடத்துக்குப் போகிறது.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு ஒன்று. பெரும்பாலான சீலண்ட், கன்னியாகுமரித் தோட்டங்களில் அம்மோனியா கலந்து வைக்கிறார்களே, அதே வகை ரப்பர் பால். வெயிலில் விரைவாக உலர்ந்து தோலாகிவிடும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார்த்து ஊற்றுங்கள், ஊற்றிய தேதியை பில்லிலும் எழுதிக் கொடுங்கள். பக்கச்சுவர் கிழிந்த டயரைத் தைத்து, உள்ளே ஒட்டுப்போட்டு மலையிலிருந்து இறங்கலாம், அதில் குற்றமில்லை. அதே டயரை ‘இன்னும் ஒரு சீசன் ஓடும்’ என்று சொல்லித் திருப்பி மாட்டிவிடாதீர்கள்; சரிவில் அது பிரிந்தால் விழுபவர் நம்மை நம்பி வந்தவர்.