ஜார்ஜ்டவுன் சுற்றுலா: பேருந்தா, நடையா?



விடுமுறை நெருங்கும் வேளைகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. மாணவர்களை இரண்டு நாள் பினாங்குக்கு அழைத்துச் செல்கிறோம். பேருந்து, வழிகாட்டி, மதிய உணவு என அனைத்தையும் சுற்றுலா நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாமா? அல்லது ஆசிரியர்களே திட்டமிட்டு நடத்தலாமா? பெரும்பாலும் முன்னதே வெல்லும். பொறுப்பு குறைவு, கணக்கு எளிது என்பதே காரணம்.

கொடிமலைக்கும் கெக் லோக் சி ஆலயத்துக்கும் பேருந்து வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜார்ஜ்டவுன் பழைய நகரத்தை, அதுவும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு, பேருந்துச் சன்னல் வழியே காட்டுவது வீண் செலவு என்பேன். 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரின் உட்பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர்தான். பத்து வயதுக் குழந்தை நடந்தே பார்த்துவிடக்கூடிய பரப்பு இது.

வழக்கமான அரைநாள் சுற்றில் என்ன காட்டுகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கூ கோங்சி மண்டபம், சியூ குலத்தாரின் படகுத்துறை வீடுகள், ஆர்மேனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய மிதிவண்டிக் குழந்தைகள், பிறகு பண்டங்கள் விற்கும் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் யாருடைய நன்மைக்கு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கூ கோங்சியும் படகுத்துறையும் காணத்தக்கவையே. ஆயினும் நம் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, இந்த நகரத்தில் தமிழர் என்ன செய்தார்கள் என்று கேட்டால், லிட்டல் இந்தியாவில் வடை சாப்பிட்டோம் என்பதே விடையாகிறது.

நம் மாணவர்களுள் பலருக்கு மலேசியத் தமிழர் வரலாறு என்றாலே ரப்பர்த் தோட்டம்தான். அதில் பிழையில்லை, நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த வாழ்க்கை அது. ஆனால் ரப்பருக்கு ஒரு நூற்றாண்டு முன்னதாகவே தமிழர் வணிகராகவும் கப்பலோட்டிகளாகவும் துறைமுகத் தொழிலாளராகவும் வட்டித் தொழில் செய்தோராகவும் ஒரு நகரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்டனர் என்பதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் காட்டக்கூடிய இடம் இந்நாட்டில் இதைவிட வேறு எது?

பிரான்சிஸ் லைட் கரையிறங்கியது 1786இல். அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில், 1801இல், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றிவிட்டது. அதனை நிறுவியவர் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா நிற்கிறது. நாகப்பட்டினத்துக் கடற்கரைக்கும் இந்தத் தெருமுனைக்கும் இருந்த கப்பல் தொடர்பை விளக்க அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. 1833இல் எழுந்த அருள்மிகு மகாமாரியம்மன் கோயில் அங்கிருந்து சில நிமிட நடை. அதன் வாசல் குயின் தெருவை நோக்கியது. பெரிய சாலையான பழைய பிட் தெருவில் செல்வோருக்குக் கோயிலின் பின்புறமே தென்படும். பேருந்தில் செல்லும் பிள்ளை கோபுரத்தைக் காணாமலே போய்விடக்கூடும்.

இதே பிட் தெருவுக்கு இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். பெயர்ப்பலகையைக் கண்டதும் ஏதேனும் ஒரு மாணவன் கேட்பான்: “ஐயா, ‘கெலிங்’ என்பது நம்மைத் திட்டும் சொல் அல்லவா? அதை ஏன் எழுதி வைத்திருக்கிறார்கள்?” வழிகாட்டிகள் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, முன்னே நிற்பவை பிறர் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் வகுப்பாசிரியர் நின்று விடை சொல்ல வேண்டும். கலிங்கம் என்னும் பழம்பெயரின் வழி வந்ததாகக் கருதப்படும் சொல் அது, பழைய மலாய் நூல்களில் இழிவுப் பொருள் இன்றித் தென்னிந்தியரைக் குறித்தது, பின்னரே வசைச்சொல்லாயிற்று. இன்று ஒருவரை அப்படி அழைப்பது தவறு. இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு தலைவரின் பட்டத்தில் அது இருந்ததும் உண்மை. இந்த இரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் பிள்ளை, பிறகு எவனாவது அச்சொல்லை வீசும்போது தலைகுனிய மாட்டான். இந்தப் பத்து நிமிடத்திற்காகவே நான் நடைப்பயணத்தை வற்புறுத்துகிறேன்.

தமிழாசிரியர்கள் விட்டுவிடக்கூடாத இன்னோர் இடம் ஃபர்குவார் தெரு. 1816 அக்டோபர் 21ஆம் நாள் ரெவரண்ட் ஹட்சிங்ஸ் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கியபோது அங்கே தமிழ் வகுப்பும் தொடங்கியது. மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக அதனையே கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அப்பள்ளி பின்னாளில் இயங்கிய கட்டடத்தின் எஞ்சிய பகுதியே ஃபர்குவார் தெருவில் உள்ள மாநில அருங்காட்சியகக் கட்டடம். மறுபாதி இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. தெருவில் நின்று பார்த்தாலே போதும். “உங்கள் பள்ளியின் வேர் இங்கே இருக்கிறது” என்று சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. ஐந்தடிப் பாதைகள் பல இடங்களில் மோட்டார் சைக்கிள்களாலும் கடைச் சரக்குகளாலும் அடைபட்டிருக்கும். அப்போது சாலையில் இறங்கத்தான் வேண்டும். ஆகவே நாற்பது பேரை ஒரே வரிசையில் இழுத்துச் செல்லாதீர்கள். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் புறப்படச் செய்யுங்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால், செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து (1818) குவான் யின் ஆலயம், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் என அரை கிலோமீட்டர் அளவிலேயே நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். களைத்த பிள்ளைகளுக்கு நகருக்குள் இலவசமாக ஓடும் சிஏடி பேருந்து இருக்கிறது.

முன்தயாரிப்பு இன்றி நடப்பதும் பயனற்றதே. கைப்பேசியைப் பார்த்தபடி சுவரோவியத்தைத் தேடி அலைந்து, செண்டோல் குடித்துத் திரும்புவதாயின், பேருந்துச் சுற்றே மேல். புறப்படுமுன் ஒரு வாரம் வகுப்பில் வரைபடத்தை விரித்துத் தெருப்பெயர்களைப் படிக்கச் செய்ய வேண்டும். ‘நாசி கண்டார்’ என்பதில் கண்டார் என்பது என்ன? தமிழ் முஸ்லிம் வணிகர் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் இரு முனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த தடி. இதை அறிந்து உண்ணும் பிள்ளைக்குச் சோறு இன்னும் சுவைக்கும். பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் செட்டியார்கள் தரையில் அமர்ந்து, முன்னே பெட்டி வைத்துக் கணக்கெழுதியதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வழிகாட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சியோங் ஃபட் சீ மாளிகை போன்ற இடங்களில் கட்டடக் கலையை விளக்க அறிந்தவர் ஒருவர் தேவை. நமக்கு அது தெரியாது. ஊதியம் பெற்று வழிகாட்டுவோர் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகள் அதைக் கேட்பதே இல்லை! இடங்களின் பட்டியலை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கடைக்குச் செல்லும் நேரம் அதில் இருக்க வேண்டாம்.

குடும்பத்தோடு ஒரே நாள் வருவோர் காரைப் பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு ஃபெரியில் கடக்கலாம். தீவில் இறங்குமிடத்திலிருந்து லிட்டல் இந்தியா சற்று நேர நடைதான். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.